அப்யாஸமும் எண்ணிக்கையும்: பெருந்தரவுக் காலத்தில் அருளிச்செயல் ஆய்வு

கோயம்புத்தூர் நகரின் வடபால், ஸத்தியமங்கலம் செல்லும் சாலையில் கணபதி என்றோர் ஊர் உள்ளது. வார்ப்படமும் மோட்டார் பம்பும் செய்யும் பட்டறைகளால் பெயர் பெற்ற பகுதி அது. அவ்வூரைப் பற்றி அறிய விரும்பும் ஒருவர் அப்பெயரைக் கணினியில் இட்டுத் தேடினால், ஊரும், ஆனைமுகக் கடவுளும், அப்பெயர் பூண்ட மாந்தர் பலரும், ப்ரஹ்மணஸ்பதியை அச்சொல்லால் அழைக்கும் ருக்வேத மந்த்ரமும் ஒரே வரிசையில் வந்து நிற்கக் காண்பார். சொல் ஒன்று, பொருள் பல. கணினி சொல்லின் வடிவைத் தந்துவிட்டது. பொருளைப் பிரித்தறியும் பொறுப்பு தேடியவரிடமே நின்றுவிட்டது.

தமிழ் எழுத்தைக் கணினி எவ்வாறு கொள்ள வேண்டும் என்பதற்கு அரசு முறையில் முடிவு ஏற்பட்டதும் இக்கோவையை ஒட்டியே. 2010ஆம் ஆண்டு ஜூன் 23 முதல் 27 வரை கோவைக் கொடிசியா வளாகத்தில் உலகத் தமிழ்ச் செம்மொழி மாநாடு நடைபெற்றது. அதனுடன் தமிழ் இணைய மாநாடும் கூடியது. அம்மாதத்திலேயே தமிழக அரசு ஒருங்குறியையும் 16 பிட் தமிழ்க் குறியீட்டையும் தரமாக ஏற்றது. அதற்கு 12 ஆண்டுகளுக்கு முன்பே, 1998 பொங்கலன்று, ஸ்விட்ஸர்லாந்தில் வாழ்ந்த கல்யாணசுந்தரம் அவர்களின் முயற்சியால் மதுரைத் திட்டம் தொடங்கப்பெற்று, ஊதியம் கருதாத அன்பர்களின் கைகளால் நாலாயிரம் முழுவதும் மின்னுரையாக ஏறியது. 2001இல் அமைந்த தமிழ் இணையப் பல்கலைக்கழகமும் தன் நூலகத்தில் அருளிச்செயலைச் சேர்த்தது. இவை பெரும் கைங்கர்யங்கள். பாசுரம் நினைவுக்கு வந்து பதிகம் நினைவுக்கு வாராத முதியோர் எத்தனையோ பேர் இவற்றால் பயன் பெற்றுள்ளனர்.

ஆயினும் கருவி கைக்கு வந்தபின் அதைக் கொண்டு செய்யப்படும் வாதம் ஒன்று விசாரிக்கத் தக்கதாகிறது. ஏராளமான நூல்களை ஒருங்கே கணினியில் இட்டு, சொற்களை எண்ணியும், எச்சொல் எச்சொல்லோடு சேர்ந்து வருகிறது என்று கணித்தும் முடிவு காணும் முறைக்குப் பெருந்தரவு ஆய்வு என்று பெயர். இம்முறையின் சாயலில், ‘இச்சொல் இத்தனை இடங்களில் வருகிறது, அச்சொல் அத்தனை இடங்களில்தான் வருகிறது, ஆகவே ஆழ்வாரின் திருவுள்ளம் இதுவே’ என்னும் பேச்சு ஸம்ப்ரதாய விசாரங்களிலும் புகுந்துவருகிறது. காலக்ஷேபத்தில் பல ஆண்டு அமர்ந்து தெளிய வேண்டியதை ஒரு நொடியில் தேடித் தெளிந்துவிடலாம் என்ற எண்ணம் இதனால் வலுப்பெறுகிறது. எண்ணிக்கை ப்ரமாணமாகுமா, ஆகுமெனில் எவ்வளவுக்கு என்பதே கேள்வி. இதற்கு விடை காணப் பிறநாட்டு நூல்களைத் தேட வேண்டுவதில்லை. விடை ஸம்ப்ரதாயத்திற்குள்ளேயே இருக்கிறது.

எண்ணியே வந்த மரபு

எண்ணுதல் பூர்வாசார்யர்களுக்குப் புதிதன்று. திருவாய்மொழியின் ஐந்து வ்யாக்யானங்களும் எண்ணையே பெயராகக் கொண்டவை. திருக்குருகைப்பிரான் பிள்ளான் அருளியது ஆறாயிரப்படி, நஞ்சீயருடையது ஒன்பதினாயிரப்படி, வாதிகேஸரி அழகியமணவாளச் சீயருடையது பன்னீராயிரப்படி, பெரியவாச்சான் பிள்ளையுடையது இருபத்துநாலாயிரப்படி, நம்பிள்ளை அருளிச்செய்யக் கேட்டு வடக்குத் திருவீதிப்பிள்ளை ஏடுபடுத்தியது முப்பத்தாறாயிரப்படியாகிய ஈடு. ஒற்று நீக்கி, உயிரும் உயிர்மெய்யுமாக 32 எழுத்துக் கொண்டது ஒரு படி. ஐந்தையும் கூட்டினால் 87,000 படி, எழுத்தாக்கினால் 27,84,000. இவற்றுள் ஆறாயிரத்தை ஸ்ரீவிஷ்ணுபுராணத்தோடும், ஒன்பதினாயிரத்தை ஸ்ரீபாஷ்யத்தோடும், இருபத்துநாலாயிரத்தை ஸ்ரீராமாயணத்தோடும், முப்பத்தாறாயிரத்தை ச்ருதப்ரகாசிகையோடும் அளவால் ஒப்பிட்டுச் சொல்வது வழக்கு.

இவ்வழக்கில் இரண்டு செய்திகள் கருதத்தக்கன. முதலாவது, எண்ணுக்கு முன் அலகு சொல்லப்பட்டது. எது ஓரெழுத்து, எது எண்ணில் சேராது என்பது தெளிவாக வகுக்கப்பட்ட பின்னரே எண் சொல்லப்பட்டது. இரண்டாவது, எண் அளவையே சொல்லிற்று; ஏற்றத்தைச் சொல்லவில்லை. ஈடு ஆறாயிரத்தினும் ஆறு மடங்கு பெரிது என்பர். ஆறு மடங்கு உயர்ந்தது என்று ஒருவரும் சொல்லிலர்.

‘நாலாயிரம்’ என்னும் எண்ணே அலகின் அருமையைக் காட்டும். முதலாயிரம் 947, இரண்டாமாயிரம் 1,134, இயற்பா 817, திருவாய்மொழி 1,102 என்று கூட்டினால் 4,000 நிறையும். ஆனால் இக்கணக்கு, சிறிய திருமடலை 40 பாட்டாகவும் பெரிய திருமடலை 78 பாட்டாகவும் கொண்டு, இராமாநுச நூற்றந்தாதியின் 108ஐயும் சேர்த்த கணக்கு. தேசிகன் ப்ரபந்தஸாரத்தில் காட்டும் கணக்கும் இதுவே. மடல் ஒவ்வொன்றையும் ஒரே பாட்டாகக் கொண்டு, நூற்றந்தாதியை விடுத்து எண்ணினால் 3,776தான் வரும். பாசுரங்களில் ஓரெழுத்தும் கூடவில்லை, குறையவில்லை, 224 வேறுபட்டுவிட்டது. எது ஒரு பாட்டு, எது இத்தொகுதியைச் சேர்ந்தது என்னும் கேள்விகளுக்கு விடை சொன்ன பின்புதான் எண் பிறக்கிறது. அவ்விடையோ வ்யாக்யாதாவின் முடிவு. ஆகவே எண் வ்யாக்யானத்திற்கு முன்னே நிற்கும் சான்று என்பது பொருந்தாது. அது வ்யாக்யானத்தின் பின்னே வருவது. கணினியில் எண்ணும்போது இம்முடிவு மறைந்து நிற்கிறது என்பதே வேறுபாடு. யாரோ ஒருவர் எங்கோ அம்முடிவைச் செய்துவைத்திருக்கிறார். எண்ணைப் பெறுபவருக்கு அது தெரிவதில்லை.

ஆறில் ஒன்று

ஒரு ப்ரகரணத்தின் தாத்பர்யத்தை நிச்சயிக்கும் அடையாளங்கள் ஆறு என்பது வேதாந்திகள் கொண்ட முறை: உபக்ரம உபஸம்ஹாரங்கள் ஒன்றுபடுதல், அப்யாஸம், அபூர்வதை, பலம், அர்த்தவாதம், உபபத்தி. இவற்றுள் அப்யாஸமாவது மீண்டும் மீண்டும் சொல்லப்படுதல். இன்றைய சொல்லெண்ணிக்கை இவ்வொன்றிலேயே அடங்கும். எனவே எண்ணிக்கையை அடியோடு தள்ளுவது முறையன்று. அதுவும் ஓர் லிங்கமே. ஆனால் ஆறில் ஒன்றை எடுத்துக்கொண்டு ஐந்தை விடுவது தாத்பர்ய நிர்ணயமாகாது. தொடக்கத்தையும் முடிவையும் ஒப்பு நோக்காமல், வேறெங்கும் சொல்லப்படாத புதுமை எது என்று பாராமல், யுக்தியோடு பொருந்துமா என்று ஆராயாமல் எண்ணை மட்டும் காட்டுவது, ஆறு ஸாக்ஷிகளில் ஒருவரை மட்டும் விசாரித்துத் தீர்ப்புச் சொல்வதை ஒக்கும்.

அந்த ஒன்றும் வெறும் எண்ணிக்கையன்று. ஆனந்தமயாதிகரணத்தில் ஸூத்ரகாரர் ஹேதுவாக எடுப்பது அப்யாஸத்தையே. அங்கே எம்பெருமானார் கொள்ளும் அப்யாஸம் ‘ஆனந்தம்’ என்னும் சொல் எத்தனை முறை வந்தது என்பதன்று. மனிதனுடைய ஆனந்தத்தில் தொடங்கி, ஒவ்வொரு படியிலும் நூறு மடங்காகப் பெருக்கிக்கொண்டே சென்று, அதற்கு மேலொன்று இல்லாத நிலையில் ப்ரஹ்மாநந்தத்தைச் சொல்லுகிற அந்த ஏற்றமே அப்யாஸம். சொல்லை எண்ணும் கருவிக்கு முதற்படியிலுள்ள ஆனந்தமும் கடைசிப்படியிலுள்ள ஆனந்தமும் ஒவ்வொன்றே. பெருக்கத்தைக் கண்டவருக்கே ஸூத்ரத்தின் ஹேது விளங்கும். வேதம் ஒவ்வொரு குணத்தின் எல்லையையும் காண விரும்பிப் புகுந்து, அம்முயற்சியின் தொடக்கத்திலேயே எப்பொழுதும் நிற்கிறது என்று ஆளவந்தார் ஸ்தோத்ரரத்னத்தில் காட்டியதும் இங்கு நினைக்கத்தக்கது. எண்ணத் தொடங்கிய வேதம் தன் எல்லையை ஒப்புக்கொண்டது. எண்ணிக்கை ஆய்வுக்கும் அவ்வொப்புதல் வேண்டும்.

நான்கு இடர்கள்

நடைமுறையில் இம்முறை எங்கெங்கே இடறுகிறது என்பதை வகைப்படுத்திக் காண்பது நன்று.

முதல் இடர் எழுத்தால் வருவது. வ்யாக்யானங்கள் மணிப்ரவாள நடையின. வடசொற்களுக்கு க்ரந்த எழுத்துக்கள் ஏடுகளிலும், பழைய க்ரந்த, தெலுங்கு லிபிப் பதிப்புகளிலும் இருந்தன. தமிழ் லிபிக்கு மாற்றியபோது வர்க்க எழுத்துக்களின் வேறுபாடு மறைந்தது. ‘பலம்’ என்று எழுதினால் அது வலிமையைச் சொல்லும் பலமா, பயனைச் சொல்லும் பலமா என்று கண்ணுக்குத் தெரியாது. குற்றத்தைச் சொல்லும் தோஷமும், மகிழ்ச்சியைச் சொல்லும் தோஷமும் தமிழ் லிபியில் ஒரே வடிவின. ‘தோஷம்’ என்று தேடுபவருக்குக் கணினி ‘ஸந்தோஷம்’ வந்த இடங்களையெல்லாம் சேர்த்தே தரும். இது நகைப்புக்குரிய சிறு பிழை என்று விடத்தக்கதன்று. ஆச்ரிதருடைய தோஷத்தை எம்பெருமான் போக்யமாகக் கொள்கிறானா, காணாதிருக்கிறானா என்பது வாத்ஸல்ய விசாரத்தில் இரு கலையாரிடையே நெடுங்காலம் நிகழ்ந்துவரும் விவாதம். குற்றமும் மகிழ்ச்சியும் கலந்த எண்ணிக்கையொன்றை அவ்விவாதத்தில் சான்றாக வைப்பது எவருக்கும் பெருமையாகாது.

இரண்டாவது இடர், சிறு சொற்களைத் தள்ளுவதால் வருவது. எண்ணத் தொடங்குமுன், அடிக்கடி வருவனவும் பொருட்செறிவு இல்லாதனவும் என்று கருதப்படும் சொற்களைப் பட்டியலிட்டு நீக்குவது கணினியாளர் வழக்கம். தமிழில் அவன், இவன், அது, இது போன்ற சுட்டுப்பெயர்கள் அப்பட்டியலில் முன்னே நிற்பவை. திருவாய்மொழி முதற்பத்தின் முதல் திருவாய்மொழியில் நான்காம் பாசுரமோ பெரும்பாலும் சுட்டுப்பெயர்களாலேயே ஆனது. எல்லாச் சுட்டுக்களும் சொல்லும் பொருள்கள் அவனிட்ட வழக்காய் இருப்பன என்று, ஸகல பதார்த்தங்களின் ஸ்வரூபமும் பகவததீனம் என்பதை ஸாமாநாதிகரண்யத்தாலே ஆழ்வார் அருளிச்செய்கிறார் என்பது வ்யாக்யானம். பட்டியலைக் கொண்டு வடிகட்டினால் ஸித்தாந்தத்தின் அடித்தளமான அப்பாசுரத்தில் எஞ்சுவது மிகக் குறைவே.

இவ்விடத்தில் மேல்நாட்டு நிகழ்ச்சியொன்று துணை நிற்கிறது. இத்தாலியப் பாதிரியார் ரொபெர்த்தோ பூஸா, தம் ஸமயத்தின் ஆசிரியரான தாமஸ் அக்வினாஸின் நூல்களுக்கு முழுமையான சொல்லடைவு செய்ய விரும்பி 1949இல் ஐ.பி.எம். நிறுவனத்தின் உதவியை நாடினார். ஏறத்தாழ ஒரு கோடிச் சொற்களைக் கொண்ட அவ்வடைவு 1974 முதல் 1980 வரை 56 தொகுதிகளாக அச்சேறியது. கணினி வழி இலக்கிய ஆய்வுக்கு அதுவே தோற்றுவாய் என்பர். அவரை அப்பணியில் தூண்டியது எது? இறைவனுடைய ஸாந்நித்யத்தைப் பற்றி அக்வினாஸ் கருதியது யாது என்று ஆராயப் புகுந்தவர், ஸாந்நித்யத்தைச் சொல்லும் பெருஞ்சொற்களில் அக்கருத்து இல்லை. ‘உள்’ என்று பொருள்படும் சிறிய இடைச்சொல் ஒன்றிலேயே அது உறைகிறது என்று கண்டார். அந்தர்யாமித்வத்தைப் பேசும் மரபினருக்கு இது வியப்பன்று. ஆனால் அவர் அதைக் கண்டது, எச்சொல்லையும் தள்ளாமல் ஆயிரக்கணக்கான சீட்டுக்களைக் கையாலே எழுதிப் படித்த பின்னரே என்பது மறக்கத்தக்கதன்று.

மூன்றாவது இடர் பலபொருள் ஒருசொல்லால் வருவது. திருப்பாவை நான்காம் பாசுரத்தில் ‘ஆழி’ என்னும் சொல் மூன்றிடங்களில் வருகிறது; ஓரிடத்தில் கடல், ஓரிடத்தில் திருச்சக்கரம். பொருள் மயங்கும் சொல்லுக்குப் பொருள் நிச்சயிக்கும் காரணங்களை பர்த்ருஹரி வாக்யபதீயத்தில் தொகுத்தார்: ஸம்யோகம், விப்ரயோகம், ஸாஹசர்யம், விரோதம், அர்த்தம், ப்ரகரணம், லிங்கம், வேறு சொல்லின் அண்மை, ஸாமர்த்யம், ஒளசித்யம், தேசம், காலம், பால், ஸ்வரம் என்பன. சங்கு சக்கரங்களோடு கூடிய ஹரி என்றால் சிங்கமும் குரங்கும் விலகித் திருமால் தெளிவுபடுவது ஸம்யோகத்திற்கு ஆலங்காரிகர் காட்டும் உதாரணம். இன்றைய கணினி முறை, ஒரு சொல்லின் அயலில் நிற்கும் சொற்களைக் கொண்டு அதன் பொருளைக் கணிக்கிறது. அதாவது ஸம்யோகமும் அண்மையும் அதற்கு ஒருவாறு கைவந்துள்ளன. இதை ஒப்புக்கொள்வதே நேர்மை. ப்ரகரணமும் ஒளசித்யமும் தேச காலங்களும் சொற்களின் அயலில் எழுதப்பட்டிருப்பதில்லை. அவை கேட்டறிபவை.

நான்காவது இடர் மிகப் பெரிது: யார் பேசுகிறார் என்பதை அறியாமை. ஸ்ரீபாஷ்யத்தின் ஜிஜ்ஞாஸாதிகரணத்தில் மஹாபூர்வபக்ஷம் நெடிது விரிகிறது. நிர்விசேஷ ப்ரஹ்மமும் அவித்யையும் அங்கே எதிர்வாதியின் வாயால் மிக அழகாக நிறுவப்படுகின்றன. எதிரியின் பக்ஷத்தை அவரினும் நன்றாகச் சொல்லிப் பின் மறுப்பது பாஷ்யகாரருடைய பெருமை. எண்ணும் கருவிக்கு அச்சொற்களும் எம்பெருமானார் எழுதியவையே. அருளிச்செயலிலும் இத்தன்மை உண்டு. திருவாய்மொழியில் தோழி பேச்சாக 3, தாய் பேச்சாக 7, மகள் பேச்சாக 17 என 27 திருவாய்மொழிகள் பெண்ணின் வாயால் நிகழ்வன. தாய் மகளைப் பற்றிச் சொல்லும் குறையை ஆழ்வாருடைய நேர்மொழியாகக் கொண்டு எண்ணினால் விளைவு என்னாகும்? இப்பொழுது கணினி எண்ணுவதோடு நில்லாமல், தான் கற்ற நூல்களின் சாயலில் தானே விடை எழுதவும் தொடங்கியுள்ளது. பூர்வபக்ஷத்தையும் ஸித்தாந்தத்தையும் பிரித்துக் குறியாமல் இட்ட நூலிலிருந்து அது எழுதும் விடை, பூர்வபக்ஷத்தையே ஸித்தாந்தமாகச் சொன்னால் பழி கருவியைச் சேராது. பிரித்துக் குறியாமல் இட்டவரைச் சேரும்.

வெற்றிடம் சொல்வது

தரவில் இல்லாதது உலகிலும் இல்லை என்று கொள்வது மற்றொரு மயக்கம். கொங்கு நாடே இதற்குச் சான்று. நூற்றெட்டுத் திருப்பதிகளைப் படத்தில் புள்ளியிட்டால் சோழநாடும் தொண்டைநாடும் பாண்டிநாடும் மலைநாடும் நிறையும். கொங்கில் ஒரு புள்ளியும் விழாது. அப்படத்தை மட்டும் கண்டவர், இந்நாட்டில் வைஷ்ணவம் வேரூன்றவில்லை என்று எளிதில் முடிவு செய்வர். காரமடை அரங்கநாதன் ஸந்நிதியில் மாசித் தேரன்று கூடும் மக்களைக் கண்டவர் அவ்வாறு சொல்லார்.

குருபரம்பரையில் கொங்குப் பிராட்டியின் சரித்ரம் உண்டு. மழை பொய்த்ததனால் தம் நாட்டைவிட்டுக் கணவரோடு திருவரங்கம் சேர்ந்த அவ்வம்மையார், எம்பெருமானாரிடம் த்வயம் கேட்கப் பெற்றார். பின்னர் சோழனால் நேர்ந்த இடரின்போது உடையவர் வெள்ளை சாத்திக்கொண்டு மேல்நாட்டுக்கு எழுந்தருளும் வழியில், அவருடைய திருமாளிகையில் தங்க நேர்ந்தது. காஷாயமும் த்ரிதண்டமும் இல்லாமல், அடியார்களோடு ஒருவராய் இருந்த ஆசார்யரை அவர் திருவடிகளைக் கொண்டே அடையாளம் கண்டார் என்பது ஐதிஹ்யம். மேற்புற அடையாளங்கள் எல்லாம் நீங்கிய இடத்திலும் அறிய முடிந்தது, முன்பு அத்திருவடிகளைப் பணிந்த பழக்கத்தால். ஒரு திவ்யதேசமும் இல்லாத கொங்கு இவ்வம்மையாரைத் தந்தது. படத்தில் விழும் புள்ளிகளை எண்ணுபவருக்கு இச்செய்தி கிடைக்காது.

அழிந்த நூல்களின் நிலையும் இதுவே. தேசிகன் திருவாய்மொழிக்கு அருளிய நிகமபரிமளம் இன்று இல்லை. ஆகவே வ்யாக்யானங்கள் ‘அனைத்தையும்’ எண்ணியதாக எவரும் சொல்ல இயலாது; எஞ்சியவற்றை எண்ணினோம் என்றே சொல்லலாம். பெரியாழ்வார் திருமொழிக்குப் பெரியவாச்சான் பிள்ளை அருளிய வ்யாக்யானத்தில் பெரும்பகுதி செல்லரித்துப்போக, மணவாள மாமுனிகள் அவ்விடத்தை நிறைவித்தருளினார். பழைய ஏட்டில் எஞ்சிய பகுதி எச்சொல்லில் தொடங்கியதோ அச்சொல் வரையில் அருளி நிறுத்தினார் என்பர். எது பிள்ளையுடையது, எது மாமுனிகளுடையது என்பதில் இன்றுவரை எவருக்கும் மயக்கமில்லை. விடுபட்டதை நிறைவிக்கும் கருவிகள் பெருகிவரும் இக்காலத்துக்கு இதைவிட நல்ல முன்மாதிரி வேண்டுவதில்லை. நிறைவிக்கலாம், நிறைவித்த எல்லை தெரிய வேண்டும்.

மறுபக்கத்தாருக்கு

இவ்வளவும் கேட்டு, ‘ஆகவே கணினி வேண்டா, ஏடு எங்கள் வீட்டிலேயே இருக்கட்டும்’ என்று மகிழ்பவருக்கும் ஒரு சொல் உண்டு. ஈட்டின் சரித்ரம் அவர்களுக்கு எதிராக நிற்கிறது. நம்பிள்ளை அதைத் தம்மிடமே வாங்கி வைத்தார். ஈயுண்ணி மாதவப் பெருமாள் பெரிய பெருமாளை ஆச்ரயித்து அவன் நியமனத்தாலே பெற்றார். பின் ஓராண்வழியாக ஒருவர் கையிலிருந்து ஒருவர் கைக்குச் சென்று, நாலூராச்சான் பிள்ளையிடமிருந்து திருவாய்மொழிப் பிள்ளைக்கும், அவரிடமிருந்து மாமுனிகளுக்கும் வந்தது. அவ்விழையில் ஒருவர் தவறியிருந்தாலும் நிகமபரிமளத்தின் கதியே ஈட்டுக்கும் நேர்ந்திருக்கும். மாமுனிகள் அதைத் திருவரங்கத்தில் நம்பெருமாள் திருமுன்பே ஓராண்டு காலம் விரித்தருளினார். அதனோடும் நில்லாமல், ஈட்டில் எடுத்தாளப்பட்ட ச்ருதி, ஸ்ம்ருதி, இதிஹாஸ, புராண வாக்யங்களையெல்லாம் தேடி ஈட்டு ப்ரமாணத்திரட்டாகத் தொகுத்தார். எந்த மேற்கோள் எங்கிருந்து வந்தது என்று வரிசைப்படுத்திய அத்தொகுப்பு, இன்று கணினியாளர் செய்ய விரும்பும் இணைப்புப் பணியின் பழைய வடிவமே. ஏட்டை மூடி வைப்பதும் ஸம்ப்ரதாயமன்று. அதை வெறும் எழுத்துக் குவியலாகக் கொட்டிவிடுவதும் ஸம்ப்ரதாயமன்று. மாமுனிகள் காட்டியது மூன்றாவது வழி.

செய்ய வேண்டுவன

அவ்வழியில் செய்யத்தக்கவை சில உள. எந்த எண்ணைச் சொன்னாலும் அதன் அலகை முன்னே சொல்ல வேண்டும்: எது ஒரு சொல், எது ஒரு பாட்டு, எந்தப் பதிப்பு, எவை விடப்பட்டன என்று. வ்யாக்யானங்களை ஏற்றும்போது க்ரந்த எழுத்துக்களோடு ஏற்ற வேண்டும். ஒருங்குறியில் க்ரந்தத்திற்குத் தனியிடம் 2014இல் கிடைத்துவிட்டது. இனி எழுத்தில்லை என்ற குறையில்லை. மூலம், பதவுரை, வ்யாக்யானம், மேற்கோள், ஐதிஹ்யம், சங்கை, பரிஹாரம் என்று பேசுவோரையும் பேச்சின் வகையையும் குறித்து வைக்க வேண்டும். இதைச் செய்ய வல்லவர் காலக்ஷேபம் கேட்டவரே அன்றிக் கணினி மட்டும் கற்றவரல்லர். ப்ரமாணத்திரட்டை அடியொற்றி மேற்கோள்களை அவற்றின் மூலங்களோடு இணைக்க வேண்டும். பூர்வாசார்யர்களே காட்டிய பாடபேதங்களை நீக்காமல் இரண்டையும் காட்ட வேண்டும். அழிந்த இடத்தை அழிந்த இடமாகவே விட வேண்டும். முடிவு சொல்பவர், எண்ணிய இடங்களுள் எத்தனை இடங்களை வ்யாக்யானத்தோடு தாமே வாசித்தார் என்பதையும் கூற வேண்டும்.

இவ்வாறு அமையுமானால் இக்கருவியால் விளையும் நன்மை சிறிதன்று. ஒரே மேற்கோளை நஞ்சீயர் எவ்விடத்தில் எடுத்தார், பிள்ளை எவ்விடத்தில் எடுத்தார், ஈடு எவ்விடத்தில் எடுத்தது என்று ஒருசேரக் காணலாம். ஐந்து வ்யாக்யானங்களும் ஒரு பதத்தில் ஒன்றுபடும் இடத்தையும் பிரியும் இடத்தையும் பாசுரம்தோறும் வரிசைப்படுத்தலாம். அச்சுப் பிழையால் பல பதிப்புகளில் தொடர்ந்துவரும் தவறான பாடங்களை எளிதில் பிடிக்கலாம். படிக் கணக்கையே முறைப்படி எண்ணி, இன்று கையிலுள்ள பதிப்பு எவ்வளவு நிறைந்தது என்று சரிபார்க்கலாம். இவையனைத்தும் எங்கே வாசிக்க வேண்டும் என்பதைக் காட்டும்; வாசிக்கும் வேலை மீதமே இருக்கும்.

எண்ணிக்கையிலிருந்து தொடங்கி அருளிச்செயல் முழுவதையும் பெற்றவர் ஒருவர் உண்டு; ஸ்ரீமந்நாதமுனிகள். வீரநாராயணபுரத்தில், திருக்குடந்தை ஆராவமுதனைப் பாடும் ஒரு திருவாய்மொழியை யாத்ரிகர் சிலர் ஸேவிக்கக் கேட்டார். அதன் கடைசிப் பாசுரம் அது ஆயிரத்துள் பத்து என்று தன்னைத்தானே எண்ணிச் சொல்லிற்று. பத்து கையிலிருக்க மற்றவை எங்கே என்று தேடத் தூண்டியது அந்த எண்ணே. தேடிக்கொண்டு திருக்குருகூர் சென்றவருக்கு அங்கே ஆயிரமும் கிடைக்கவில்லை. பராங்குசதாஸரிடம் கிடைத்தவை கண்ணிநுண்சிறுத்தாம்பின் 11 பாசுரங்களே. அவற்றை அவர் 12,000 முறை அநுஸந்தித்தார்; ஆழ்வார் ப்ரஸந்நராகி நாலாயிரத்தையும் அர்த்தத்தோடு அளித்தருளினார். அப்யாஸம் என்னும் சொல்லுக்கு நூலில் மீண்டும் வருதல் என்பதும் பொருள். ஓதுபவர் மீண்டும் மீண்டும் ஓதிப் பயில்தல் என்பதும் பொருள். முதலாவதைக் கணினி எண்ணித் தரும். இரண்டாவதை அதனிடம் ஒப்படைக்க இயலாது.